சொருகாத ஒயர்

பியூலாவின் ஒயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதை அவள் மூன்று முறை கண்ணாலேயே பின்தொடர்ந்து பார்த்துவிட்டாள். டபுள் பேஸின் தந்திகளைத் தாங்கும் மரப்பாலத்துக்கு அடியிலிருந்து கிளம்புகிறது, வயிற்றுப் பக்கமாக இறங்குகிறது, மேடையில் விரித்திருக்கும் சிவப்புக் கம்பளத்தின் ஓரமாக நாலடி போகிறது, டிரம்ஸுக்காகப் போட்ட உயரமான பலகைக்கு அடியில் நுழைகிறது. அங்கே அதைச் சுருளாகச் சுருட்டி, பிரிந்துவிடாமல் இருக்கக் கறுப்பு டேப்பும் ஒட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த டேப்தான் அவளுக்குத் தாங்கவில்லை. சொருக மறந்துவிட்டார்கள் என்றால் மறதி, மனுஷனுக்கு வருவதுதான். சுருட்டி டேப்பும் ஒட்டியிருக்கிறார்கள் என்றால் அது வேலை, யாரோ குனிந்து முட்டிபோட்டு அக்கறையாகச் செய்த வேலை. பார்க்கிறவன் கண்ணுக்கு ஒயர் தெரிய வேண்டும், ஒயர் வழியாக ஒன்றும் போகக் கூடாது. மணி மூன்று பத்து. ஏழு மணிக்குக் கச்சேரி. கடற்கரைச் சாலையில் புதிதாகக் கட்டிய அரங்கம், ஆயிரத்து இருநூறு இருக்கை, எல்லாம் நிரம்பிவிட்டதாம், போதாததற்கு நேரடி ஒளிபரப்பு வேறு. மேடையில் ஆட்கள் என்று பார்த்தால் மூன்றே பேர். பியானோவில் நிரஞ்சன், டிரம்ஸில் ஆரோன் அண்ணன், நடுவில் தன்னைவிட ஒரு அடி உயரமான பேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பியூலா தேவசகாயம், வயது நாற்பத்தேழு, ஊர் பெரம்பூர். இந்த மூன்று பேரில் ஒருத்தி மட்டும் சத்தம் இல்லாமல் வாசிக்க வேண்டும். ஜாஸ் கச்சேரியில்! பேஸ் வாசிக்கிறவள்!

“அக்கா, ஒரு சின்ன விஷயம்” என்றுதான் நிரஞ்சன் ஆரம்பித்தான், கீழே வண்டி நிறுத்துமிடத்தில். அவள் அப்போது குட்டியானை வண்டியின் பின்கதவு வழியாகப் பேஸை இறக்கிக்கொண்டிருந்தாள், இரண்டு கையும் காலி இல்லை, தோள்பட்டை வலி வேறு விண்ணென்று தெறித்தது. “இந்த ஹால் ரொம்ப பூம் ஆகுதுக்கா. நேத்து சவுண்டுக்காரங்க பாத்தாங்களாம். டபுள் பேஸ தொறந்தா ஊளையிடும்ங்கறாங்க. லைவ் வேற போகுது. அதனால பேஸ் மட்டும் ட்ராக்ல போயிடட்டும். ஏப்ரல்ல நாம ஸ்டூடியோல எடுத்தது இருக்குல்ல, அதயே ஓட்டிக்கலாம்.” நான் என்ன பண்றது என்று கேட்டாள். “நீங்க எப்பவும் போல வாசிங்க. வெளிய கேக்காது, அவ்ளோதான்.” அவ்வளவுதானாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக இன்னொன்றும் சொன்னான்: “அது நீங்கதானேக்கா. வேற யாரயாவதா போடறோம்? உங்களயேதான போடறோம்.” அந்த வாக்கியத்துக்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். பதில் இப்போது வண்டி வண்டியாக வருகிறது. நான் இங்கே நிற்கும்போது என்னையே எனக்குப் பதிலாகப் போடுவதற்கு நான் என்ன செத்தா போய்விட்டேன், செத்தவர்கள் படத்துக்குத்தானே இப்படிப் பழைய ஒலியைப் போடுவார்கள், மாலையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேஸின் கழுத்து வண்டிக் கூரையில் இடித்துவிடக் கூடாதே என்று அதைப் பார்த்தாள். நிமிர்வதற்குள் அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். பதினோரு வருஷமாக அப்படித்தான் எடுத்துக்கொள்கிறான் என்று இப்போது தோன்றியது, அப்படித் தோன்றியதும் கோபம் இரண்டு பக்கமும் வெட்டியது, அவன்மேல் பாதி, தன்மேல் பாதி.

தும். தும். தும். ஆரோன் அண்ணன் காலால் பெரிய டிரம்மை மிதிக்கிறார், அரங்கத்தின் கடைசியில் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தணிகை, “இன்னொரு தடவ அண்ணே” என்கிறான் ஒலிபெருக்கியில். இருபது நிமிஷமாக இதுவேதான். டிரம்ஸுக்கு எட்டு மைக். பியானோவுக்கு மூன்று. உலகத்தில் எந்த ஊர் சவுண்ட் செக்கிலும் வரிசை இதுதான், முதலில் டிரம்ஸ், அப்புறம் மற்றவர்கள், கடைசியில் நேரம் போதாமல் போகும்போது “பேஸ் ஓகேதானே?” என்று ஒரு கேள்வி, அதற்கு அவள் தலையாட்டுவாள், முடிந்தது. அந்த அவசரக் கேள்விக்காக அவள் எத்தனை மேடையில் எரிச்சல் பட்டிருக்கிறாள். இன்றைக்கு அந்தக் கேள்வியும் வராது. கால் மாற்றி நின்றாள். நாளைக்குச் சனிக்கிழமை, கீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, அங்கே ஊதா நிற விளக்கைப் பேஸுக்குள் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள், முடியாது என்று சொல்லியிருக்கிறாள், மறுபடியும் கேட்பார்கள். ஞாயிறு காலையில் சபையில் பாடகர் குழுவோடு, அதற்கு வில் போட்டு வாசிக்க வேண்டும், வில்லின் மயிர் தேய்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாலிக்கிராமத்தில் ஒரு படத்துக்கு ரெக்கார்டிங், வில்லன் நடந்து வரும்போது நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, அந்த நாலு பாரும் கடைசியில் வில்லனின் செருப்புச் சத்தத்துக்கு அடியில் போய்விடும், படம் பார்க்கும்போது அவளுக்கு மட்டும் கேட்கும். புதன்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கான நாடகம், அதில் பேஸ்தான் யானை. வியாழன் வியாசர்பாடி. டிசம்பரில் புதுச்சேரி, அதற்குப் பிறகு கொச்சி. ஒரு மனுஷியின் வாசிப்பு வாரம் பூராவும் விதவிதமாகக் கேட்கிறது, யானையாகக் கூடக் கேட்கிறது, அவள் சொந்தக் கச்சேரியில் மட்டும் கேட்கக் கூடாது என்றால் இது எந்த ஊர் நியாயம்?

கொச்சி என்றதும் ரயில் ஞாபகம் வந்துவிட்டது, வேண்டாம் என்றாலும் வந்தது. போன வருஷம் போனபோது பேஸுக்கும் ஒரு படுக்கை எடுத்திருந்தாள். டிக்கெட்டுக்கு ஒரு பேர் வேண்டுமே, பாஸ்கர் தேவசகாயம், ஆண், வயது அறுபத்தொன்று என்று போட்டுவிட்டாள். பேஸ் வாசிக்கிறவர்கள் ஆளாளுக்கு இப்படி ஒரு பேர் வைத்திருப்பார்கள், பெங்களூரில் ஒருத்தனுடைய பேஸ் பேர் சம்பத். காட்பாடி தாண்டி வந்த பரிசோதகர் பாஸ்கர் யாரும்மா என்று கேட்டார், படுத்திருக்கிறார் என்றாள், எழுப்புங்க என்றார், உறையின் ஜிப்பைப் பாதி இறக்கிக் காட்டினாள். மனுஷர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இவரு வாசிச்சா எப்டிம்மா இருக்கும்?” என்று கேட்டார். அந்த ஓடுகிற பெட்டியில், நின்றுகொண்டு, ஒரே ஒரு தந்தியை இழுத்து விட்டாள். பெட்டியின் கம்பி, ஜன்னல், எதிரே இருந்தவரின் தண்ணீர் பாட்டில் எல்லாம் அதிர்ந்தது. “நெஞ்சுக்குள்ள வருதும்மா” என்றார் பரிசோதகர். அந்த ரயில்காரருக்குத் தெரிந்தது இந்த நிரஞ்சனுக்குத் தெரியவில்லை, வெளிநாட்டில் எல்லாம் போய்ப் படித்துவிட்டு வந்தவனுக்கு. வியாழன்தோறும் அவள் போகிற வியாசர்பாடியில் பறை அடிக்கிற பெண்கள் பத்துப் பேர், மாடியில் ஒரு நீள அறையில் பயிற்சி, அங்கே மைக்கும் இல்லை ஸ்பீக்கரும் இல்லை, பத்துப் பறைக்கு நடுவில் பேஸ் எங்கே கேட்கும் என்று முதல் நாள் அவளே சொல்லிவிட்டாள். குழுவை நடத்துகிற மரகதம் வந்து பேஸின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள், வாசி என்றாள், வாசித்ததும் மற்ற ஒன்பது பேரையும் கூப்பிட்டு, “வந்து கை வச்சுப் பாருங்கடி, அப்பறம் அடிக்கலாம்” என்றாள். பத்துப் பேரும் கை வைத்துப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் வாசிக்கிற இடத்தில் அவர்களே அடியைக் குறைக்கிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான்.

“பேஸ் ட்ராக் விடறேன்” என்று தணிகை சொன்னான், சொல்லி முடிப்பதற்குள் அது வந்துவிட்டது. நாலு ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும், அதிலிருந்து பியூலா வருகிறாள், ஏப்ரல் மாதத்துப் பியூலா. அவள் கை இன்னும் தந்தியில் படவேயில்லை. உடம்பு கூசியது. தன் குரலைப் பதிவில் கேட்டால் எல்லாருக்கும் கூசும், ஆனால் இது குரலுக்கும் அந்தப் பக்கம், அவளுடைய நடை, அவள் மூச்சு விடுகிற இடம், மூன்றாவது அடியில் ஒரு மயிரிழை பின்தங்கி விழுகிற அந்தப் பழக்கம், எல்லாம் அப்படியே. நன்றாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததில் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. “வாசிங்கக்கா, அப்பதான் கேமராக்காரங்களுக்குத் தெரியும்” என்று நிரஞ்சன் பியானோவிலிருந்து கத்தினான். வாசித்தாள். ஆரோன் அண்ணன் காதில் பெரிய ஹெட்போன், அதற்குள் டிக் டிக் என்று எண்ணிக்கை, முப்பது வருஷம் தன் இஷ்டத்துக்குக் காலத்தை இழுத்தும் விட்டும் வாசித்த மனுஷர் இன்றைக்குக் கடிகாரத்துக்கு வேலை பார்க்கிறார். வழக்கமாக அவர் ஒரு அடியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் அவள் காத்திருப்பாள், அவள் முந்தினால் அவர் பிடித்துக்கொள்வார், சண்டையும் சமாதானமுமாக ஒரு குடித்தனம் போல ஓடும். இன்றைக்கு ஏப்ரல் மாதத்து வேகம்தான், அந்த வேகத்தில் அவளும் போக வேண்டும். இதில் கேவலம் என்னவென்றால் கை போகிறது. மனசு முரண்டு பிடிக்க, விரல் தன்பாட்டுக்கு ஸ்பீக்கரில் வருவதைப் பின்பற்றிக்கொண்டு ஓடுகிறது, எஜமானியைக் கண்ட நாய்க்குட்டி மாதிரி. அப்போதுதான் கோபத்துக்கு அடியில் இருந்த பயம் தலையைத் தூக்கியது. இன்றைக்கு யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால்? ஆயிரத்து இருநூறு பேர் கைதட்டி, பிரமாதம் என்று சொல்லிவிட்டால்? புதுச்சேரிக்கும் இதே ட்ராக் போதும், கொச்சிக்கும் போதும், பாஸ்கருக்குப் படுக்கை வேண்டாம், பென்டிரைவ் சட்டைப்பையில் போய்விடும். அங்கே போய் உயரமாக ஒரு பெண்ணைப் பிடித்து, எங்கேயாவது வாடகைக்கு ஒரு பேஸை வாங்கி, அவள் கையில் கொடுத்து நிறுத்தினாலும் பியூலாதான் வாசிப்பாள். உங்களையேதான போடறோம். இன்றைக்குச் சும்மா இருந்தால் இனி என்றைக்கும் சும்மா இருக்க வேண்டியதுதான், இது அவளுக்குத் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் அது என்ன ட்ராக்? இந்த எண்ணம் இரண்டாவது பாட்டு ஓடும்போது வந்தது, வந்ததும் விரல் ஒரு கணம் நின்றது, நின்றும் ஸ்பீக்கரில் பேஸ் நிற்காமல் போனது. ஏப்ரலில் எடுத்தது பைலட் அல்லவா. பாட்டின் வடிவம் எப்படி என்று காட்டுவதற்காக முதலில் சும்மா ஒரு தடவை வாசித்து வைப்பார்கள், அதன்மேல் மற்றவர்கள் வாசித்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜமாக வாசிப்பார்கள். வீடு கட்டும்போது கட்டுகிற சாரம்தான் அது. ஐந்து பாட்டுக்கும் ஒரே மத்தியானத்தில் பைலட் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனாள், நடுவிரலில் கொப்புளம், பிளாஸ்திரி போட்டிருந்தாள். அடுத்த வாரம் ஃபைனல் எடுத்துக்கலாம்க்கா என்றான். அடுத்த வாரம் அவன் ஏதோ வெளிநாட்டு அழைப்பில் போய்விட்டான், வந்த பிறகு மூன்று தடவை அவளே ஞாபகப்படுத்தினாள், பாத்துக்கலாம்க்கா, பாத்துக்கலாம்க்கா. ஃபைனல் எடுக்கவே இல்லை, அந்தப் பைலட்டின்மேல் மற்ற இருவரும் வாசிக்கவும் இல்லை. அப்படியென்றால் இப்போது ஓடிக்கொண்டிருப்பது சாரம். சாரத்தையே வீடு என்று விற்கிறார்கள். அது கூடப் போகட்டும், நாலு பாட்டில் அவள் நேராகத்தான் வாசித்தாள், குறை ஒன்றும் இல்லை. ஐந்தாவது பாட்டு? ஐந்தாவது ‘இரண்டாவது சங்கு’. அது அவளுடைய பாட்டு. மேடையில் வாசிக்கும் எல்லாவற்றிலும் அவளே எழுதியது அது ஒன்றுதான். அப்பா வேலை பார்த்த ரயில்பெட்டித் தொழிற்சாலையில் காலையில் இரண்டு தரம் சங்கு ஊதும், இரண்டாவதோடு கேட்டை மூடிவிடுவார்கள், அப்பா வருஷம் பூராவும் இரண்டாவது சங்குக்குத்தான் ஓடுவார், அம்மா கதவருகே டிபன் டப்பாவை நீட்டிக்கொண்டு கூடவே நாலடி ஓடுவாள். அந்த ஓட்டம்தான் பாட்டு. பாட்டின் நடுவில் பியானோவும் டிரம்ஸும் கையை எடுத்துவிட வேண்டும், பதினாறு பார், அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, பேஸ் மட்டும் தனியாக. எட்டு மாதமாக அந்தப் பதினாறு பாரைத்தான் அவள் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், ஒத்திகைக்கு ஒத்திகை மாற்றி மாற்றி, பிள்ளைக்குச் சட்டை தைத்துப் போட்டுப் பார்ப்பது மாதிரி. பைலட்டில் அந்த இடத்தில் அவள் வாசிக்கவில்லை. கொப்புளம் எரிந்தது, அந்த இடத்துக்கு எப்படியும் ஃபைனலில்தான் உயிர் வரும் என்று விட்டுவிட்டாள். சும்மாவும் விடவில்லை. மற்றவர்களுக்கு இடம் தெரிய வேண்டும் என்று, மைக்கைப் பார்த்து வாயால் சொல்லிவைத்தாள். சொல்லிவிட்டு ஒன்று, இரண்டு என்று பார்களையும் எண்ணினாள்.

நிரஞ்சனுக்கு இது தெரியுமா? தெரியும் என்றால், அதைக் கேட்டு, அவள் குரலை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் கீபோர்டில் எதையாவது வாசித்து நிரப்பியிருப்பான். தெரியாது என்றால் அவன் கேட்கவே இல்லை. எது மோசம்? அவள் அந்தக் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், மூன்றாவது பாட்டு முழுக்க அதுதான் ஓடியது. கேட்டு வெட்டியிருந்தால் அவன் கள்ளன், தெரிந்தே கழுத்தை அறுத்தவன். கேட்கவே இல்லையென்றால் கள்ளன் இல்லை, ஆனால் பதினோரு வருஷமாகப் பக்கத்தில் ஒரு மரத்தூண் நின்றுகொண்டிருந்தது என்று அர்த்தம். கள்ளனாக இருந்தாலே தேவலை என்று தோன்றியது. கள்ளனாவது எடுக்கிற பொருளைத் தூக்கிப் பார்க்கிறான். ஆனாலும் இவன் அப்படிப்பட்டவனா? அப்பா போனபோது கல்லறையிலிருந்து வந்ததும், சமையல்கட்டில் புகுந்து இருபத்தைந்து பேருக்கு டீ போட்டவன் இவன்தானே. தோள்பட்டை இறுகிப் போன மூன்று மாதமும் அவள் பேஸை நாலு மாடி தூக்கி இறக்கியவன். நல்லவன்தான். நல்லவன் என்பதும் வயிற்றெரிச்சலாக இருந்தது, கெட்டவனாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம், நல்லவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? இப்போதே சொல்லிவிட்டால் என்ன, அஞ்சாவது பாட்ட ஒரு தடவ கேட்டுரு நிரஞ்சா என்று. சொன்னால் என்ன செய்வான், தணிகையும் அவனுமாக ஐந்து நிமிஷத்தில் ஏதாவது ஒட்டுப்போட்டுவிடுவார்கள், வேறு பாட்டிலிருந்து பதினாறு பாரை வெட்டி இங்கே ஒட்டினால் அதுவும் அவள்தானே! சொல்லாமல் விட்டால்? சவுண்ட் செக்கில் ஒவ்வொரு பாட்டையும் ஒரு நிமிஷம்தான் ஓட்டுகிறார்கள், நடுப்பகுதி வரை போகவே போகாது. அப்படியே ஏழு மணி ஆகும். விளக்கு அணையும். நாடு பூராவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும். வரட்டுமே! ஒரு நிமிஷம் அந்த நினைப்பு வெல்லமாக இனித்தது, நிரஞ்சனின் முகத்தைக் கூட நினைத்துப் பார்த்துவிட்டாள். அப்புறம் வெட்கமாக இருந்தது. அது அவள் பாட்டு, அப்பா ஓடிய ஓட்டம், அது ஆயிரத்து இருநூறு பேர் முன்னால் இடறி விழ வேண்டுமா? அவள் பிடிவாதத்துக்குப் பாட்டைப் பலி கொடுப்பதா? மாட்டாள். சவுண்ட் செக்கில் ஐந்தாவது பாட்டும் ஓடி முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள், முடிவு கட்டியதுமே அது தோல்வி மாதிரி நாக்கில் கசந்தது.

“மேடம், ஒரு ஹெல்ப்” என்று கீழே இருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்கிற வர்ஷா, கழுத்தில் அட்டை, கையில் வாக்கி டாக்கி, காலையிலிருந்து எல்லாரிடமும் சிரித்த முகம். “உங்க சோலோ எந்தப் பாட்டுல வருது மேடம்? கிரேன் கேமராவ உங்க விரலுக்குக் கிட்ட கொண்டு வரணும். நீங்க சின்னதா இருக்கீங்க, அது எவ்ளோ பெருசா இருக்கு, செம்மயா இருக்கும் ஸ்க்ரீன்ல.” ஓ, அப்படியா சங்கதி! படத்துக்கு வேண்டுமாம், ஓசைக்கு வேண்டாமாம். அவளுக்குப் பதில் சொல்ல நிரஞ்சனே முந்திக்கொண்டான். “அஞ்சாவதுல வருதும்மா. நடுவுல. நாங்க ரெண்டு பேரும் நிறுத்திடுவோம், அக்கா மட்டும் தனியா. சூப்பர் சோலோ அது, பாருங்க. தணிகை, அஞ்சாவது ட்ராக்க அந்த எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்து விடுங்க.” அவன் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது. நிஜமான பெருமை, கள்ளம் ஒன்றும் இல்லை, தன் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அந்தப் பெருமையில்தான் அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. ஒத்திகைகளில் எத்தனையோ தடவை பக்கத்தில் இருந்து கேட்ட சோலோ, ட்ராக்கிலும் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். இருக்கிறதா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போட்டுப் பார்க்கவில்லை. “நிரஞ்சா” என்று கூப்பிட்டாள். “ஒரு நிமிஷம்க்கா, இது மட்டும் முடிச்சிடலாம்” என்றான், திரும்பாமலே. சரி, முடித்துக்கொள்ளட்டும்.

கிரேன் இறங்கி வந்தது. நீண்ட இரும்புக் கழுத்தின் நுனியில் கேமரா, அவள் வலது கைக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்று, அதன் கண்ணாடி உள்ளே சுருங்கி விரிந்தது. ஸ்பீக்கரில் ‘இரண்டாவது சங்கு’ ஓடி வந்தது, பியானோ ஏறியது, டிரம்ஸ் விரட்டியது, கேட் மூடப் போகிறது, மூடப் போகிறது, இருவரும் ஒரே வெட்டாகக் கையை எடுத்தார்கள். பியூலாவும் கையை எடுத்தாள். தந்தியிலிருந்து எடுத்து, இரண்டு கையையும் பேஸின் தோளில் மடித்து வைத்துக்கொண்டாள். காலியான ஆயிரத்து இருநூறு இருக்கைக்கும் கேட்கும்படி, நாலு ஆள் உயரத்தில், அவள் குரல் சொன்னது: “இங்க நான் வாசிப்பேன்.” கொஞ்சம் மூச்சு. “இப்போதைக்கு விட்டுடறேன், கை எரியுது. எண்றேன். ஒன்னு.” பேஸின் பலகையில் விரல் தட்டுகிற சத்தம். “ரெண்டு.” கேமராவை ஓட்டுகிறவன் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். ஆரோன் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “மூணு.” “சார், ட்ராக்ல யாரோ பேசறாங்க” என்று தணிகை சொன்னான், பேசுவது மேடம்தான் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. நிரஞ்சன் பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது. ட்ராக்கை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எல்லாரும் அதைக் கேட்டார்கள், நாலு, ஐந்து, ஆறு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் எதுவும் இல்லாத இடம், அந்த இடத்தில் ஏ.சி.யின் இரைச்சல். அவ்வளவு பெரிய காலி இடத்தைப் பியூலா ஆயுசில் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு பதினாறு வரைக்கும் நின்றாள். பதினாறு முடிந்ததும் ஏப்ரல் பியூலா ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள், பியானோவும் டிரம்ஸும் சேர்ந்துகொள்ளவில்லை.

“நிறுத்துங்க தணிகை” என்று நிரஞ்சன் மெல்லச் சொன்னான். அப்புறம் அவள் பக்கம் திரும்பினான். “அக்கா, இது பைலட்டா?” “ஆமா.” “நான்...” “நீ கேக்கவே இல்ல.” அவள் கத்தவில்லை, ஆனால் டிரம்ஸுக்கு இருந்த எட்டு மைக்கில் ஏதோ ஒன்று அதையும் பிடித்து அரங்கத்துக்குக் கொடுத்தது. வர்ஷா வாக்கி டாக்கியை அணைத்தாள். “தப்புதான்க்கா” என்றான். “சரி, அந்த எடத்த மட்டும் நீங்க வாசிங்க, நான் தொறக்கச் சொல்றேன். மத்தது ட்ராக்ல...” “மத்ததும் நான்தான் வாசிப்பேன். ஊளையிட்டா ஊளையிடட்டும். இல்லன்னா இப்பவே குட்டியானைய கூப்புடறேன், அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறவள வச்சு நடத்திக்கோ. அவ ரொம்ப நல்லா எண்றா.” ஆரோன் அண்ணன் குச்சிகளைப் பைக்குள் போட்டார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தார். அது போதுமாக இருந்தது. “இப்ப செட் பண்ணனும்னா இருவது நிமிஷம் ஆகும் மேடம்” என்றான் தணிகை. “ஆகட்டும். அண்ணன் காலால மிதிச்சதுக்கே அவ்ளோ நேரம் ஆச்சுல்ல?” தணிகை எழுந்து வரப் பார்த்தான். “நீங்க வராதீங்க தம்பி. அவன் சொருகட்டும்.” கச்சேரிக்கென்று இஸ்திரி போட்ட பேன்ட்டோடு நிரஞ்சன் முட்டிபோட்டு, டிரம்ஸ் பலகைக்கு அடியில் தலையை நுழைத்தான். டேப் நன்றாக ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் போய்விடவில்லை, போக வேண்டும் என்றும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை. சுருள் பிரிந்தது, ஒயர் நீண்டு, மற்ற ஒயர்கள் சேரும் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, ஸ்பீக்கரில் டொப் என்று ஒரு சத்தம், பிறகு பேஸின் மேல் அவள் கை நகர்கிற சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டது. எல்லாரும் ஊளைக்காகக் காத்திருந்தார்கள். பியூலா கனத்த தந்தியை முழுசாக இழுத்து விட்டாள். அது கடைசி வரிசை வரைக்கும் போய், இருக்கைகளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. “எங்கடா ஊளை?” என்று கேட்டாள்.